வியூக விளையாட்டில் கேமராவை எந்தக் கையிடம் ஒப்படைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில், கணினியில் நிகழ்நேர வியூக விளையாட்டுகளைப் புதிதாக ஆடத் தொடங்குவோருக்கான யோசனைகள் வெளிவந்திருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை பயனுள்ளவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், கேமராவை, அதாவது களத்தின் எந்தப் பகுதி திரையில் தெரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பார்வையை, நகர்த்தும் முறை பற்றிய பத்தி மட்டும் புதியவர்களைத் தவறான வழியில் கொண்டுபோய்விடும் என்று அஞ்சுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். கர்சரைத் திரையின் விளிம்புக்குக் கொண்டுபோய்க் களத்தை நகர்த்தும் முறை பழையது, அதை அணைத்துவிட்டு, துப்பாக்கிச் சுடும் விளையாட்டுகளில் உள்ளதுபோல டபிள்யூ, ஏ, எஸ், டி ஆகிய நான்கு விசைகளுக்கு மாறிவிட வேண்டும் என்று அதில் பொதுப்படையாகச் சொல்லப்பட்டிருந்தது. இது சில விளையாட்டுகளுக்குப் பொருந்தும். வேறு சிலவற்றில் ஆடுபவரின் இடது கையையே முடக்கிவிடும். விளிம்பா, விசையா என்ற வழக்கைத் தீர்ப்பதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டிய வேறொன்று இருக்கிறது என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வருவது.

சிறு கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தால் சிக்கல் எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். 1998-இல் வெளிவந்த ஸ்டார்கிராஃப்ட், 640-க்கு 480 பிக்சல் கொண்ட திரைக்காக உருவாக்கப்பட்டது. அதில் போட்டிகளுக்கு வழக்கமாகப் பயன்படும் பெரிய வரைபடம் 128 கட்ட அகலமும் 128 கட்ட நீளமும் உடையது. ஒவ்வொரு கட்டமும் 32 பிக்சல். ஆக, களம் முழுவதும் 4096-க்கு 4096 பிக்சல். ஒரு நேரத்தில் திரையில் தெரிவது அதில் ஏறத்தாழ 55-இல் ஒரு பங்குதான். திரையின் கீழ்ப்பகுதியைக் கட்டளைப் பலகை அடைத்துக்கொள்வதைக் கழித்தால் அதுவும் குறையும். எஞ்சிய இடங்களில் எல்லாம் கனிமம் அள்ளுவதும் கட்டடம் எழும்புவதும் எதிரி ஊடுருவுவதும் நம் கண்ணில் படாமலேயே நடந்துகொண்டிருக்கும். ஆளுக்கொரு முறை காய் நகர்த்தும் சதுரங்கத்தில் பலகை முழுவதும் கண்ணெதிரே கிடக்கிறது. இங்கோ களமும் தெரியாது, நேரமும் நிற்காது. எந்த நொடியில் எந்த இடத்தைப் பார்ப்பது என்பதே இவ்விளையாட்டில் பாதி ஆட்டம்.

இதற்கு அண்மைக்காலத்திய சான்று ஒன்று உண்டு. டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஸ்டார் என்ற செயற்கை நுண்ணறிவு நிரல், ஸ்டார்கிராஃப்ட் 2 விளையாட்டில் டிஎல்ஓ, மானா என்ற பெயர்களில் ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் இருவரை, ஆளுக்கு 5 ஆட்டங்கள் வீதம் 10-க்கு 0 என்ற கணக்கில் வென்றதை 2019 ஜனவரியில் அறிவித்தார்கள். அந்த ஆட்டங்களில் நிரலுக்குக் கேமரா என்ற கட்டுப்பாடே இல்லை. தன் படைகளின் பார்வைக்கு எட்டிய பகுதி அனைத்தையும் அதனால் ஒரே சமயத்தில் காண முடிந்தது. மனிதரைப் போலக் கேமராவை நகர்த்தித்தான் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு பயிற்றுவிக்கப்பட்ட மற்றொரு வடிவம், அதே நிகழ்ச்சியில் நேரலையில் மானாவிடம் தோற்றது. அதற்குப் பயிற்சிக் காலமும் குறைவாகவே கிடைத்திருந்ததால் கேமரா ஒன்றே தோல்விக்குக் காரணம் என்று அடித்துச் சொல்வதற்கில்லை. ஆயினும், கேமரா இல்லாமல் ஆடியது உண்மையில் நியாயமான போட்டியா என்ற விவாதம் அப்போதே எழுந்ததற்குக் காரணம், கேமராவை நகர்த்துவது எவ்வளவு பெரிய வேலை என்பதை ஆடியவர்கள் அனைவரும் அறிந்திருந்ததுதான்.

அந்த வேலையைக் கூர்ந்து பார்த்தால், ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று செயல்கள் அதில் கலந்திருக்கின்றன. சண்டை நடக்கும் இடம் திரையைவிட்டுச் சற்றே விலகும்போது, அதைப் பின்தொடர்ந்து களத்தை நகர்த்துவது ஒன்று. தளத்திலிருந்து போர்முனைக்கும், போர்முனையிலிருந்து மறுகோடியில் உள்ள சுரங்கத்துக்கும் ஒரே தாவலில் போய்வருவது இரண்டாவது. மொத்தக் களத்தின் நிலவரத்தை ஒரு பார்வையில் தெரிந்துகொள்வது மூன்றாவது. விளிம்பு நகர்வு, நான்கு விசைகள், அம்புக்குறி விசைகள், மவுஸ் சக்கரத்தை அழுத்திக்கொண்டு இழுப்பது ஆகிய அனைத்தும் முதல் செயலுக்கானவை மட்டுமே. தங்கள் கட்டுரையும் அதைப் போன்ற பல யோசனைகளும் இந்த முதல் செயலிலேயே நின்றுவிடுகின்றன. ஆட்டத்தில் நேரத்தை விழுங்குவதோ இரண்டாவது செயல். எத்தனை வேகமாக உருட்டினாலும், ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு உருட்டிக்கொண்டே போகிறவர் இடையில் உள்ள வெற்று நிலத்தைப் பார்த்து நொடிகளை இழக்கிறார். தாவுகிறவருக்கு அந்த இழப்பு இல்லை.

ஆகவே, தாவும் முறையைத்தான் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்டார்கிராஃப்டின் முதல் பதிப்பிலேயே அதற்கு வகை செய்திருந்தார்கள்: ஷிஃப்ட் விசையோடு எஃப்2, எஃப்3, எஃப்4 ஆகியவற்றுள் ஒன்றை அழுத்தினால் அப்போதைய இடம் நினைவில் பதிந்துவிடும், பின்னர் அந்த விசையை மட்டும் தட்டினால் கேமரா அங்கே போய் நிற்கும். படைக்குழு ஒன்றுக்குக் கொடுத்த எண்ணை இருமுறை தட்டினால் அக்குழு இருக்கும் இடம் திரைக்கு வரும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் கடைசியாக எச்சரிக்கை எழுந்த இடம் வரும். 2010-இல் வந்த ஸ்டார்கிராஃப்ட் 2-இல் பேக்ஸ்பேஸ் விசை நம் தளங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போகும். ஸெர்க் இனத்தை ஆடுவோர் ஏறத்தாழ அரை நிமிடத்துக்கு ஒருமுறை தளந்தோறும் போய்த் தங்கள் ராணிகளுக்குக் கட்டளை கொடுத்தாக வேண்டும். அதைப் போர்முனையில் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே செய்துவிட்டுத் திரும்ப, பேக்ஸ்பேஸோ பதிந்துவைத்த கேமரா விசையோ இல்லாமல் முடியாது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் எச் விசை நகர மையத்துக்கும், முற்றுப்புள்ளி விசை வேலையற்று நிற்கும் ஊழியனுக்கும் அழைத்துப்போகும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, திரையின் மூலையில் உள்ள மினிமேப்பை, அதாவது முழுக் களத்தின் சிறு வரைபடத்தை, சொடுக்கினால் போதும் என்ற எளிய வழி பெரும்பாலான விளையாட்டுகளில் உண்டு. அதில் ஒரு குறை: சொடுக்கும் அந்த நொடியில் கர்சர் களத்தைவிட்டு மூலைக்குப் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. சண்டையின் நடுவே அது பெரிய பயணம்.

இப்போது இடது கையைக் கவனியுங்கள். குழு எண்கள், கேமரா விசைகள், கட்டளை எழுத்துகள் ஆகிய மூன்றையும் அந்த ஒரு கையே பார்த்துக்கொள்கிறது. ஸ்டார்கிராஃப்டில் ஏ என்பது தாக்குதல். எஸ் என்பது நிறுத்தம். 2021-இல் வெளிவந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 4, கட்டளைப் பலகையில் உள்ள பொத்தான்களை அதே வரிசையில் விசைப்பலகையின் மேல் படியவைக்கிறது: மேல் வரிசைக்குக் கியூ, டபிள்யூ, இ, ஆர், அடுத்ததற்கு ஏ, எஸ், டி, எஃப். இவ்விளையாட்டுகளில் கட்டுரையின் யோசனையைக் கடைப்பிடித்தால் கேமராவும் கட்டளையும் ஒரே விசைக்காகச் சண்டையிடும். கட்டளைகளை வேறு எழுத்துகளுக்குத் தள்ளினால், விரல்கள் நான்கு கேமரா விசைகளின் மேல் படுத்துக்கொண்டு மற்றவற்றுக்கு எட்டி எட்டித் தடுமாறும். துப்பாக்கிச் சுடும் விளையாட்டில் அந்த நான்கு விசைகளும் ஆடுபவரின் கால்கள். அங்கே ஆள் ஒருவர்தான். ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே கேமராவுக்கு உடம்பு கிடையாது, அது எங்கும் ஓட வேண்டியதும் இல்லை. அதற்காக இடது கையின் சிறந்த இடத்தை நிரந்தரமாக எழுதிக்கொடுப்பது வீண் செலவு.

நான்கு விசைகள் பொருந்தும் விளையாட்டுகள் இல்லாமல் இல்லை. டோட்டல் வார் வரிசையில் படைப்பிரிவுகள் சில பத்துகள் மட்டுமே. கட்டளைகளில் பெரும்பகுதி மவுஸிலேயே முடிந்துவிடுகிறது. தனியாக ஆடும்போது போரை நிறுத்திவைத்துக்கொண்டும் யோசிக்கலாம். களமோ மேடு பள்ளங்கள் கொண்ட முப்பரிமாணக் களம். கேமரா தாழப் பறந்து, திரும்பி, குன்றின் பின்னே ஒளிந்திருப்பவர்களைத் தேட வேண்டும். அங்கே அந்த விசைகள் கேமராவுக்கு உரியவை என்பது முற்றிலும் சரி. மௌரியர்களையும் ஓர் இனமாகக் கொண்ட கட்டற்ற மென்பொருளான 0 ஏ.டி. விளையாட்டிலும் கேமராவுக்கு இந்த ஏற்பாடு உண்டு. விளையாட்டின் பெயரைச் சொல்லாமல் பொதுவாக விதி வகுத்ததே கட்டுரையின் குறை.

'பழையது' என்று தள்ளப்பட்ட விளிம்பு நகர்வுக்காகவும் சிறிது வாதாட விரும்புகிறேன். ஓர் இலக்கைச் சுட்ட எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை அதன் தொலைவையும் அகலத்தையும் கொண்டு கணிக்கும் விதியை அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-இல் வெளியிட்டார். திரையின் விளிம்பில் கர்சர் தானாகவே முட்டி நின்றுவிடுவதால், அது எல்லையற்ற அகலமுள்ள இலக்கைப் போலாகிவிடுகிறது. குறி பார்க்காமல் மவுஸைத் தள்ளினாலே போதும். ஏற்கெனவே ஓரத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும் படையைத் தொடர்வதற்கு இதைவிடக் குறைந்த உழைப்புள்ள வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதன் தொல்லைகளையும் மறைக்க மாட்டேன். திரையின் மேற்கோடியில் நிற்கும் வில்லாளர்களைப் பெட்டி போட்டுப் பிடிக்க, அதாவது மவுஸை இழுத்து அவர்களைச் சுற்றிக் கட்டம் வரைந்து மொத்தமாகத் தேர்ந்தெடுக்க, கர்சரைக் கொண்டுபோகிறோம். பொத்தானை அழுத்துவதற்கு ஓர் இமைப்பொழுது முன்னால் அது விளிம்பைத் தொட்டுவிடுகிறது. களம் கீழ்நோக்கிச் சரிந்து, பெட்டி நினைத்த இடத்தில் விழாமல், வில்லாளர்கள் பாதிப் பேர் வெளியே நிற்க, பக்கத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஊழியர்கள் உள்ளே அகப்பட்டுப் போருக்குப் புறப்படுகிறார்கள். கட்டளைப் பலகையின் அடிவரிசைப் பொத்தானைத் தேடிப் போகும்போதும் இதே கதை. இதற்கு மருந்து, முறையை அணைப்பதல்ல. உருளும் வேகத்தைக் குறைப்பது. வேகத்தை உச்சத்தில் வைத்துக்கொள்வது புதியவர்களிடம் பரவலாக உள்ள பழக்கம். தொலைவுக்குத் தாவத் தனி விசை பழகிவிட்டால் உருளும் வேகம் அவ்வளவு தேவையே இல்லை; தளத்திலிருந்து அருகிலுள்ள தங்கச் சுரங்கம் வரை உருட்டி, அது திரையின் நடுவில் வந்ததும் தாண்டிப் போகாமல் நிறுத்த முடிகிற வேகமே உங்களுக்குரிய வேகம்.

இழுத்து நகர்த்தும் முறையில் இரண்டு வகை உண்டு என்பதையும் கட்டுரை பிரித்துக் காட்டவில்லை. மேசைமேல் விரித்த வரைபடத்தைக் கையால் பற்றி இழுப்பதுபோல, களம் கர்சரோடு ஒட்டிக்கொண்டு நகர்வது ஒரு வகை. அழுத்திய புள்ளியிலிருந்து கர்சர் எவ்வளவு தூரம் விலகுகிறதோ அவ்வளவு வேகமாகக் களம் உருள்வது மற்றொன்று. 2000-இல் வந்த ரெட் அலர்ட் 2-இல் வலப் பொத்தானை அழுத்திப் பிடித்து நகர்த்தியவர்களுக்கு இது பழக்கமானது. அவ்விளையாட்டில் கட்டளைகள் இடப் பொத்தானில் இருந்ததால் வலப் பொத்தான் கேமராவுக்கு மிஞ்சியது. வார்கிராஃப்ட், ஸ்டார்கிராஃப்ட் மரபில் வலப் பொத்தான் கட்டளைக்குப் போய்விட்டதால், இழுக்கும் வேலை சக்கரத்தின் தலையில் விழுந்தது. மலிவான மவுஸ்களில் சக்கரம் அழுத்தக் கடினமாக இருக்கும்; நாள் முழுவதும் அழுத்தினால் நடுவிரல் வலிக்கும். மற்றபடி, எந்தத் திசையிலும் எந்த வேகத்திலும் நகர்த்த முடிவது இதன் சிறப்பு. விசைகளைக் கொண்டு எட்டுத் திசைகளில் மட்டுமே போகலாம்.

மூன்றாவது செயலான மொத்தப் பார்வையைப் பொறுத்தவரை, 2007-இல் வெளிவந்த சுப்ரீம் கமாண்டர் அளித்த தீர்வுக்கு இணையாக நான் எதையும் கண்டதில்லை. அதன் மிகப்பெரிய வரைபடம் 81 கிலோமீட்டர் நீள அகலம் கொண்டதாகக் கணக்கிடப்படுவது. சக்கரத்தைப் பின்னோக்கி உருட்டினால் கேமரா மேலே மேலே எழும்பி, களம் முழுவதும் திரைக்குள் அடங்கிவிடும். படைகள் சிறு சிறு குறிகளாக மாறிவிடும். கர்சரை வேண்டிய இடத்தில் வைத்து முன்னோக்கி உருட்டினால் அந்த இடத்துக்கே இறங்கும். பார்வையும் தாவலும் ஒரே சக்கரத்தில் முடிந்துவிட, மினிமேப்பின் தேவையே மங்கிப்போனது. ஆனால், ஆட்டத்தின் அளவே இங்கு காரணம்: ஒவ்வொரு வீரனையும் தனித்தனியே தப்பவைக்கும் நுணுக்கம் அந்த விளையாட்டுக்கு முக்கியமன்று, ஸ்டார்கிராஃப்டில் அதுவே உயிர். அதனால்தான் ஒன்று கேமராவை வானத்துக்கு அனுப்பியது, மற்றொன்று கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் கட்டிப்போட்டது. விண்வெளியில் மேல் கீழ் என்று எதுவுமில்லாத ஹோம்வேர்ல்ட், 1999-லேயே கேமராவைத் தேர்ந்தெடுத்த கப்பலைச் சுற்றிச் சுழலவிட்டு, முழுக் களத்தையும் காண ஸ்பேஸ் பாரைத் தந்தது என்பதையும் இவ்விடத்தில் சொல்லத் தோன்றுகிறது. அதை ஆடிய பின்பு வேறு விளையாட்டுக்குத் திரும்பினால் தரை தட்டையாக இருப்பதே விசித்திரமாகத் தெரியும்.

தங்கள் வாசகர்களில் பலர் எந்தக் கருவியில் ஆடுகிறார்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் பிரவுசிங் சென்டர்களில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் பழகிய தலைமுறைக்கு மேசைக் கணினியும் மவுஸும் உறுதியாகக் கிடைத்தன. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்துக்குப் பிந்தைய மாணவர்களில் பலருக்கு விளையாட்டு அறிமுகமானதே டச்பேடு வழியாகத்தான். டச்பேடில் அழுத்துவதற்குச் சக்கரம் கிடையாது. விளிம்புக்குக் கர்சரைக் கொண்டுபோக இரண்டு மூன்று முறை விரலைத் தேய்க்க வேண்டும். ராஜேந்திர சோழனின் படையெடுப்பும் திரிசடைக் கப்பலும் 2022-இல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் சேர்க்கப்பட்ட பிறகு ஆர்வத்தோடு வந்த புதியவர்களுக்கு நான் சொல்வது, எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன் சாதாரண மவுஸ் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள் என்பதே. இரண்டு திரைகள் வைத்திருப்பவர்களுக்கு வேறு சிக்கல்: கர்சர் விளிம்பில் நிற்காமல் பக்கத்துத் திரைக்கு நழுவிவிடுகிறது. கர்சரை விளையாட்டுச் சாளரத்துக்குள் பூட்டும் வசதி பெரும்பாலும் அமைப்புப் பக்கத்திலேயே இருக்கும். விளிம்பு நகர்வு வேலை செய்யவில்லை என்று அதைக் கைவிட்ட சிலருக்கு உண்மையில் தேவைப்பட்டது அந்த ஒரு தேர்வுதான்.

கைப்பேசியில் நிலைமை இன்னும் இறுக்கம். ஒரே விரல் களத்தையும் இழுக்க வேண்டும், வீரர்களையும் பெட்டி போட வேண்டும். கேம்பேடிலும் இதே நெருக்கடிதான். 2009-இல் வந்த ஹாலோ வார்ஸ் கர்சரைத் திரையின் நடுவிலேயே நிறுத்தி, கேமராவை நகர்த்துவதும் குறி பார்ப்பதும் ஒரே செயலாகும்படி செய்து அதைக் கடந்தது.

ஒரு கையால் மட்டுமே ஆடக்கூடியவர்களையும், மணிக்கட்டு வலி உள்ளவர்களையும், இடக்கைப் பழக்கமுள்ளவர்களையும் கட்டுரை நினைத்துப் பார்க்கவில்லை. விசைப்பலகையைத் தொடாமலேயே கேமராவை நகர்த்த உதவும் விளிம்பு நகர்வும் மினிமேப்பும் முதல் வகையினருக்கு ஊன்றுகோல். நாம் பயனற்றவை என்று ஒதுக்கும் அம்புக்குறி விசைகள், மவுஸை இடது கையில் பிடிப்பவரின் வலது கைக்கு நேர் கீழே இருக்கின்றன. பழையது என்று எதையும் நீக்கச் சொல்வதற்கு முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

யூனிட்டி, கோடோ போன்ற கருவிகளைக் கொண்டு இத்தகைய விளையாட்டுகளைச் சொந்தமாக உருவாக்க முயலும் நம் மாணவர்களுக்கும் இதில் சில செய்திகள் உண்டு. கேமராவின் வேகத்தை, கணினி ஒரு நொடியில் எத்தனை முறை திரையை வரைகிறது என்ற சட்டக வேகத்தோடு பிணைக்கக் கூடாது. அவ்வாறு பிணைத்த பழைய விளையாட்டுகள் சில இன்றைய கணினியில், தொட்டவுடன் களத்தின் கோடிக்குப் பாய்ந்துவிடுகின்றன. இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தும்போது மூலைவிட்டத் திசையில் வேகம் 1.41 மடங்காகிவிடாமல் சமன் செய்ய வேண்டும். கேமரா உயர உயர உருளும் வேகமும் கூட வேண்டும். இல்லாவிட்டால் கீழே சரியாக இருந்த வேகம் மேலே ஆமை நடையாகத் தெரியும். சாளரம் பின்னணிக்குப் போய்விட்டால் விளிம்பு நகர்வு நின்றுவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு விசையையும் ஆடுபவரே மாற்றிக்கொள்ள இடம் தர வேண்டும்.

அடுத்த முறை இப்பகுதியில் அமைப்புகளைப் பரிந்துரைக்கும்போது விளையாட்டின் பெயரையும், மவுஸா, டச்பேடா, கைப்பேசியா என்பதையும் சேர்த்துக் குறிப்பிடுமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். இடமிருந்தால், ஸ்டார்கிராஃப்டிலும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸிலும் கேமரா இடங்களைப் பதிந்துவைப்பதற்கும் தளங்களுக்கிடையே தாவுவதற்கும் உள்ள விசைகளை மட்டுமாவது ஒரு சிறு கட்டத்தில் வெளியிடலாம்.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் வாசகர்,
கோயம்புத்தூர்.